பகிடியோ, உண்மையோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

கேள்வி:

வணக்கம். எனக்கு 23 வயது, யாழ்ப்பாணத்தில் படிக்கிறேன். எனக்கு ஓட்டிசம் என்று போன வருடம்தான் உறுதிப்படுத்தினார்கள். நேரில் கதைக்கும்போது ஓரளவு சமாளிப்பேன். வட்ஸ்அப்பில்தான் சிக்கல்.

வகுப்புக் குழுவில் ஒருவன் போட்ட குறிப்பில் இருந்த பிழையைத் திருத்தினேன். "ஓமோம், இனி நீங்கள்தான் எங்களுக்கு வகுப்பு எடுக்கோணும் சேர்" என்று அவன் எழுதினான். எந்த நாள் வசதி என்று கேட்டு நான் அட்டவணை போட்டேன். எல்லாரும் மண்டையோட்டு இமோஜி போட்டார்கள். அடுத்த நாள்தான் அது நக்கல் என்று விளங்கியது.

நல்லூர்த் தேரன்று ஒரு தோழி குழுவில் படம் போட்டா. "தேரைவிட உம்மட சாறிதான் பாரம் போல" என்று எழுதினேன். பகிடிக்குத்தான். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதியும் அவ இப்போது என்னோடு கதைப்பதில்லை. எனக்குப் பகிடி உணர்வே இல்லையோ? குழுவை விட்டு விலகட்டோ?

- வாசகர், திருநெல்வேலி

பதில்:

அன்புத் தம்பி,

சாறி வசனம் பகிடிதான். சொல்லப்போனால் நல்ல பகிடி. ஓட்டிசம் உள்ளவர்களுக்கு நகைச்சுவை வராது என்பது பழைய கதை, அதை விடுங்கள். உங்கள் குரலும் முகமும் எழுத்தோடு போகவில்லை, அதுதான் நடந்தது. இது எல்லாருக்கும் நடப்பது. உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் இன்னும் இருவரோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதுவது நக்கலோ உண்மையோ என்பதை நூற்றுக்கு 78 தடவை மற்றவர் பிடித்துவிடுவார் என்று மாணவர்கள் நம்பினார்கள். பிடிபட்டது 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்.

ஓட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதும் உங்களுக்கு உதவும். விளங்காமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் தவறவிடுகிறார்கள் என்றார் அவர். உங்கள் நண்பர்களும் உங்களை வாசிக்கத் தெரியாமல்தான் நிற்கிறார்கள்.

இனி அந்த வகுப்பு வசனத்துக்கு வருவோம். முகம் தெரியாவிட்டாலும் எங்கள் பேச்சுத் தமிழ் நக்கலுக்கு அடையாளம் விட்டுத்தான் போகும். முதலில் விளிப்பைப் பாருங்கள். வழக்கமாக "நீ", "மச்சான்" என்பவன் திடீரென்று "நீங்கள்", "சேர்", "ஐயா" என்று ஏறினால் பெரும்பாலும் நக்கல். ஆனால் சில வீடுகளில் சின்னப் பிள்ளையையும் "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே பொது விதியோடு ஒப்பிடாமல், அதே ஆளின் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்து அவற்றோடு ஒப்பிடுங்கள். அடுத்தது "ஓமோம்". தனி "ஓம்" சம்மதம், இரட்டித்தால் சந்தேகப்படலாம். மூன்றாவது, செய்த வேலைக்குப் பொருந்தாத பெரிய புகழ்ச்சி. ஒரு பிழையைத் திருத்தியவருக்கு வகுப்பே எடுக்கும் பதவி அதிகம்தானே? மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் பகிடி என்றே எடுங்கள். உங்களுக்கு வந்த வசனத்தில் மூன்றும் இருந்தன.

இமோஜிக்கு வயதைப் பார்க்க வேண்டும். மண்டையோடு இளையவர்களிடம் "சிரிச்சுச் செத்தேன்". இலேசாகச் சிரிக்கும் மஞ்சள் முகம் மாமிமாரிடம் உண்மையான சிரிப்பு, உங்கள் வயதுக்காரரிடம் பல நேரம் எரிச்சல். பதில் வராததைக் கோபம் என்று எடுக்காதீர்கள். கனடா மச்சாள் ரொறன்ரோவில் இருந்தால் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்பா.

அப்படியும் பிடிபடாவிட்டால் குழுவில் கேட்கக் கூடாது. அங்கே கேட்டால் கேள்வியே அடுத்த பகிடியாகும். அந்த ஆளுக்குத் தனியே, ஒரே வரியில்: "இது பகிடியோ, உண்மையாக் கேக்கிறியோ?" நம்பிக்கையான ஒரு நண்பனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சந்தேகமான செய்தியை அவனுக்கு அனுப்பிக் கேட்கலாம். விளங்காமலே "ஹஹா" போட்டுச் சமாளிப்பதை நான் விரும்பவில்லை. அது ஆளைக் களைப்பாக்கும், விளங்கியதாக நினைத்து அவர்களும் மேலே போவார்கள்.

நீங்கள் பகிடி விடும்போது கடைசியில் அடைப்புக்குறிக்குள் (பகிடி) என்று போடுங்கள். சுவை கொஞ்சம் குறையும்தான், ஆனால் ஆள் மிஞ்சுவார். உடம்பு, நிறம், உடுப்பு மூன்றையும் குழுவில் தொடாதீர்கள். சாறியின் பாரத்தைச் சொன்னீர்கள், அவ தன் உடம்பைச் சொன்னதாக வாசித்திருப்பா, அதுவும் எல்லாருக்கும் முன்னால். உறவினர் குழு என்றால் எழுத முதல் கடைசிப் பத்துச் செய்தியைப் பாருங்கள். மரண அறிவித்தலுக்குக் கீழே பகிடி விழுந்தால் திருத்துவது கடினம்.

நீளமான மன்னிப்பு ஏன் எடுபடவில்லை? விளக்கம் கூடினால் வாதாடுவது போல இருக்கும். "தேர்ப் படத்துக்குக் கீழ நான் எழுதினது பகிடி. உமக்கு நொந்திருக்கும், மன்னிச்சுக்கொள்ளும்." தனியே இவ்வளவும் அனுப்பிவிட்டு, அவ எழுதும்வரை இன்னொன்று அனுப்பாதீர்கள். பழைய செய்தியை இப்போது அழிக்க வேண்டாம். அழித்த தடயம் தெரிந்தால் கேள்விதான் கூடும்.

ஒன்றை மட்டும் பகிடிக் கணக்கில் சேர்க்காதீர்கள். "போதும்" என்று சொன்ன பிறகும் தொடர்கிறார்களா? உங்கள் செய்தியைப் படம் பிடித்து வேறு குழுக்களில் போடுகிறார்களா? அது வதை. அதன் பிரதியை எடுத்து வைத்து, நம்பும் விரிவுரையாளரிடம் காட்டுங்கள்.

விலகுவது பற்றி: பரீட்சை அறிவித்தல் எல்லாம் அதில்தான் வரும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம். சத்தத்தை ஒரு கிழமைக்கு நிறுத்துங்கள், அதற்கு வட்ஸ்அப்பிலேயே தெரிவு இருக்கிறது. பின்னேரம் ஒருதரம் திறந்து அறிவித்தலை மட்டும் வாசியுங்கள். கிழமை முடிய, திறக்கும்போது நெஞ்சு படபடக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.