கோபுரத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறார்? – கேள்வி பதில்

கே: விமானக் கட்டுப்பாட்டாளர் எந்நேரமும் ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாரா?

ப: கோபுரத்தில் இருப்பவருக்கு முதல் கருவி சன்னல். இறங்க வரும் திசை, ஓடுபாதை, அதில் வந்து சேரும் டாக்ஸிவேக்கள் (விமானங்கள் ஊர்ந்து செல்லும் இணைப்புப் பாதைகள்), திரை, ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விமானத்தின் விவரமும் எழுதிய பட்டை), மறுபடி சன்னல் என்று கண் சுற்றிக்கொண்டே இருக்கும். அனுமதி சொல்லுமுன் ஓடுபாதையை முனைக்கு முனை பார்த்தாக வேண்டும்.

கே: கண்ணாடி அணிந்தவர் சேரலாமா?

ப: சேரலாம். நிறப்பார்வைதான் சரியாக இருக்க வேண்டும்.

கே: பார்த்துக்கொண்டே இருப்பவரிடமிருந்து ஒரு விமானம் எப்படித் தப்பும்?

ப: நல்ல கேள்வி. டோக்கியோ ஹனேடா, 2024 ஜனவரி 2, இருட்டிய நேரம். ஓடுபாதைக்கு வெளியே நிற்க வேண்டிய கடலோரக் காவல் விமானம் உள்ளே நுழைந்து ஏறக்குறைய 40 நொடி நின்றது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 பயணிகள் விமானம் அதன்மேல் மோதியது. ஏ350இல் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள்; சிறிய விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். கோபுரத்தின் திரையில் ஓடுபாதை மஞ்சளாகவும் விமானம் சிவப்பாகவும் மாறிக் காட்டியது. ஒலி எழவில்லை, யாரும் கவனிக்கவில்லை. 'வெளியே நில்' என்று சொன்ன விமானம் வெளியே நிற்பதாகவே மனம் எடுத்துக்கொள்ளும். பிறகு கண் அங்கே போகாது.

1991இல் லாஸ் ஏஞ்சலஸில் இதன் மறுபக்கம் நடந்தது. ஓடுபாதையில் காத்திருக்கச் சொன்ன சிறு விமானத்தை மறந்து, அதே பாதையில் போயிங் 737 பயணிகள் விமானம் இறங்க அனுமதி தந்தார்கள். 35 பேர் இறந்தார்கள். முனைக்கு முனை பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கே: ஓர் அலாரம் வைத்தால் தீர்ந்தது. மனிதர் எதற்கு?

ப: வீணாக அலறும் அலாரத்துக்குக் காது சீக்கிரமே மரத்துப்போகும். விபத்துக்குப் பின் ஜப்பான், அந்தத் திரையை மட்டும் பார்க்க ஓர் ஆளை உட்கார வைத்தது. அரிதாக வரும் குறிப்புக்குக் காத்திருப்பவரின் கவனம் அரைமணி நேரத்திலேயே சரிகிறது என்று உளவியலாளர் மேக்வொர்த் 1948இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். அந்த ஆளையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

கே: முந்தைய கேள்வியைக் கேட்டவன்தான். கணினிக்குச் சோர்வே இல்லை. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

ப: மழுப்பவில்லை, பாதி ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் சில பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதைத் தரையில் பதித்த சிவப்பு விளக்குகள், கட்டுப்பாட்டாளர் தொடாமலே எரிந்து விமானியை நிறுத்துகின்றன. அது சரியான இடத்தில் வைத்த கணினி. கோபுரத்துக்குள் இன்னொரு பெட்டியைச் சேர்த்தால் சன்னலிலிருந்து கண்ணைத் திருப்ப இன்னொரு காரணம் கிடைக்கும், அவ்வளவே. உங்களுக்கு இதுவே என் கடைசிப் பதில்.

கே: ரேடாரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்காதா?

ப: முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள். சன்னல், ஐயா, சன்னல்!

கே: இரவுப் பணியில் எத்தனை காப்பி குடிப்பீர்கள்?

ப: தூக்கக் கடனைக் காப்பி அடைக்காது. 2011 மார்ச்சில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையக் கோபுரத்தில் தனியாக இருந்தவர் தூங்கிவிட, இரண்டு விமானங்கள் கோபுரத்தின் பதில் இல்லாமலே இறங்கின. அதன்பின் அங்கே இரவில் இரண்டாவது ஆளைப் போட்டார்கள். பிரிட்டன் விதிப்படி இரண்டு மணி நேரப் பணிக்குப் பிறகு அரைமணி ஓய்வு. அந்த அரைமணியில் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிப் படுங்கள்.

கே: சம்பளம் எவ்வளவு?

ப: இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்பில் இருக்கும்.