மதர்போர்டில் காலியாக இருக்கும் இரண்டாவது சிபியு பவர் கனெக்டர்: கேள்வி பதில்

புதிய மதர்போர்டு வாங்குவோர் பலர், பிராசஸருக்கான 8 பின் கனெக்டருக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருப்பதைக் கண்டு, அதில் எதைச் செருகுவது என்று குழம்பிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் முக்கியமான கேள்விகளுக்குக் கீழே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னுடைய இசட்790 போர்டில் 8 பின் கனெக்டர் இரண்டு உள்ளன. எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சிபியு கேபிள் ஒன்றுதான் வந்திருக்கிறது. பிராசஸர் கோர் ஐ5-13600கே. ஒன்றை மட்டும் செருகினால் ஓடுமா?

பதில்: தாராளமாக ஓடும். 8 பின் கனெக்டரில் நான்கு பின்கள் 12 வோல்ட்டையும் மற்ற நான்கு கிரவுண்டையும் சுமக்கின்றன. பின் ஒன்றுக்கு 7 ஆம்பியர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 28 ஆம்பியர், அதாவது 336 வாட் கிடைக்கும். உங்கள் பிராசஸர் டர்போவில் (தானாக வேகம் கூட்டும் நிலை) எடுக்கும் உச்ச அளவு 181 வாட். விஆர்எம்மில் (12 வோல்ட்டைப் பிராசஸருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் போர்டுச் சுற்று) வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 வாட். வீட்டு உபயோகத்துக்கான பெரும்பாலான போர்டுகளில் இரண்டு கனெக்டர்களும் ஒரே 12 வோல்ட் செம்புத் தளத்தில்தான் போய்ச் சேர்கின்றன. ஆகவே ஒன்று காலியாக இருந்தாலும் பிராசஸரின் எந்தப் பகுதியும் பட்டினி கிடக்காது. ஆனாலும் போர்டின் கையேட்டை ஒருமுறை பாருங்கள். இரண்டும் கட்டாயம் என்று அதில் எழுதியிருந்தால் அதுவே முடிவு.

கேள்வி: ஒன்றே போதுமென்றால் இரண்டாவதை ஏன் வைக்கிறார்கள்?

பதில்: பென்டியம் 3 காலம் வரை பிராசஸருக்கான மின்சாரம் 20 பின் பிரதான கனெக்டர் வழியாகவே, பெரும்பாலும் 5 வோல்ட்டிலிருந்து வந்தது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது, அதே வாட்டைக் குறைந்த ஆம்பியரில் கொண்டுசேர்ப்பதற்காக 12 வோல்ட்டுக்கென்று தனியாக 4 பின் கனெக்டர் சேர்க்கப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் 8 பின், சர்வர்களுக்காக வகுக்கப்பட்ட இபிஎஸ்12வி தரத்திலிருந்து வந்தது.

இரண்டாவது கனெக்டர் பிராசஸருக்குக் கூடுதல் சக்தி எதையும் தருவதில்லை. அதே மின்னோட்டத்தைக் கூடுதல் கம்பிகளில் பங்கிட்டுக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். 253 வாட் எடுக்கும் கோர் ஐ9-14900கே பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். விஆர்எம் இழப்பையும் சேர்த்தால் கேபிளில் சுமார் 23 ஆம்பியர், நான்கு சோடிக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். 18 கேஜ் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லி ஓம் என்பதால், 65 சென்டிமீட்டர் கேபிளில் போக வர 1.3 மீட்டருக்குச் சுமார் 0.16 வோல்ட் இறங்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் தரம் 12 வோல்ட் 11.4 வோல்ட் வரை இறங்க அனுமதிப்பதால் இதனால் ஆபத்து எதுவுமில்லை. இன்னொரு கேபிளையும் செருகினால் அந்த இறக்கம் பாதியாகும். கேபிள்களில் வெப்பமாக வீணாகும் சுமார் 4 வாட்டும் 2 வாட்டாகக் குறையும். திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து ஓவர்கிளாக் செய்வோருக்கு (பிராசஸரை வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டுவோருக்கு) இந்த வேறுபாடு பெரிது. நடுத்தர விலைப் போர்டுகளில் இதை ஒரு சிறப்பம்சமாக எண்ணிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அந்தப் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைச் செருகலாமா? பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கிறது.

பதில்: எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். இரண்டு பிளக்குகளையும் கையில் எடுத்து, கொக்கி இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். சிபியு பிளக்கில் கொக்கிப் பக்க வரிசையில் மஞ்சள் கம்பிகளும், கிராபிக்ஸ் பிளக்கில் அதே வரிசையில் கறுப்புக் கம்பிகளும் இருக்கும். அதாவது 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. துளைகளில் சதுரமானவையும் முனை மழுங்கியவையும் வெவ்வேறு வரிசையில் அமைந்திருப்பதால் பிளக் எளிதில் உள்ளே போகாது. வலுக்கட்டாயமாக அழுத்தினால் நேரடி ஷார்ட்தான். எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே அணைத்துக்கொண்டால் அது உங்கள் அதிர்ஷ்டம். இல்லையேல் போர்டு கருகும். கம்பிகள் எல்லாமே கறுப்பாக இருந்தால், சிபியு பிளக் 4+4 ஆகவும் கிராபிக்ஸ் பிளக் 6+2 ஆகவும் பிரிவதை வைத்து அடையாளம் காணலாம்.

கேள்வி: சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாட்டா பவரிலிருந்து (ஹார்டு டிஸ்க்குக்கான மின் பிளக்) 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆம்பியர் வரம்பு. மொத்தமே 54 வாட்தான். அதன் தலையில் 8 பின்னின் சுமையை ஏற்றினால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். சாதாரண வீட்டுப் பிராசஸருக்கு, கையேடு கட்டாயம் என்று சொல்லாதவரை, காலி கனெக்டரால் கெடுதல் இல்லை என்பதை வாடிக்கையாளருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ்ஸின் சிபியு கேபிளைப் புதியதில் மாட்டலாமா?

பதில்: கூடாது. போர்டுப் பக்க முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையின் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளைகளில் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல்கூட மாறும். பெட்டியில் வந்த கேபிளையோ, உங்கள் மாடலுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளரே அறிவித்த கேபிளையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 4 பின் மட்டுமே உள்ளது. ரைசன் 5 7600 போட்டால் தாங்குமா?

பதில்: அந்த பிராசஸரின் வரம்பு 88 வாட். இழப்போடு சேர்த்து 100 வாட் என்று கொண்டாலும் இரண்டு 12 வோல்ட் பின்களில் தலா 4 ஆம்பியர் அளவே ஓடும், அது பாதுகாப்பானது. 8 பின் சாக்கெட்டில் அந்தப் பிளக் எந்தப் பாதியில் இடிக்காமல் உட்காருகிறதோ அதுவே சரியான இடம். ஆனால் 253 வாட் பிராசஸரை இதே பிளக்கில் ஓட்டினால் பின் ஒன்றுக்கு 11 ஆம்பியருக்கு மேல் போகும். அதை ஒருபோதும் முயல வேண்டாம்.

கேள்வி: போர்டின் 24 பின் பிரதான கனெக்டரைச் செருகிவிட்டேன். மின்விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றும் வரவில்லை.

பதில்: பிராசஸருக்கு அருகிலுள்ள 8 பின்னைச் செருகினீர்களா என்று முதலில் பாருங்கள். 24 பின் இணைப்பு மின்விசிறிகளைச் சுற்ற வைக்கும். பிராசஸரின் விஆர்எம்முக்கு அதிலிருந்து மின்சாரம் போகாது.

கேள்வி: திரெட்ரிப்பர் 7980எக்ஸ் வைத்து இரவு முழுவதும் ரெண்டரிங் செய்கிறேன். எனக்கும் ஒன்று போதுமா?

பதில்: போதாது. அதன் டிடிபி (தயாரிப்பாளர் குறிப்பிடும் மின் அளவு) 350 வாட்; நான் மேலே சொன்ன 336 வாட் கணக்கை அதுவே தாண்டிவிடுகிறது. பல மணி நேரம் இடைவிடாமல் அந்தச் சுமை நீடிப்பதால் இரண்டு கனெக்டர்களையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இரண்டு தனித்தனிக் கேபிள்களால் நிரப்புங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு பிளக்குகளாகப் பிரியும் வகையில் முழுச் சுமையும் அந்த ஒரே கேபிளின் கம்பிகளில்தான் ஓடும். கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்தி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பாதி உட்கார்ந்த பிளக்கில் தொடர்பு சரியாக இல்லாமல் பின் சூடேறும்.