பேட்மேனுக்கு இன்னொரு அம்மா: லெஸ்லி டாம்ப்கின்ஸ் பற்றிக் கேள்வி பதில்

பேட்மேன் கதைகளில் அம்மா என்றதும் எல்லோருக்கும் பின்னாளில் பேட்மேனாகும் ப்ரூஸின் அம்மா மார்த்தா வேய்னும், அவர் சுடப்பட்ட இரவில் அறுந்து சிதறும் முத்துமாலையும்தான் நினைவுக்கு வரும். அதே இரவில், அதே சந்தில், பிணங்களுக்கு நடுவே நின்ற பையனைப் போய் அணைத்துக்கொண்ட ஒரு பெண்மணியும் இருக்கிறார். அவரைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: படங்கள் மட்டுமே பார்த்திருக்கிறேன். யார் இந்த லெஸ்லி? எந்தக் கதையில் முதலில் வருகிறார்?

டிடெக்டிவ் காமிக்ஸ் 457-ஆம் இதழ், அட்டைத் தேதி மார்ச் 1976. எழுதியவர் டென்னி ஓ'நீல், வரைந்தவர் டிக் ஜியோர்டானோ. வருடத்தில் ஒரு நாள் இரவு பேட்மேன் எல்லா வேலையையும் விட்டுவிட்டுக் கோத்தம் நகரின் ஒரு பாழடைந்த பகுதிக்குப் போய்வருகிறான். எதற்கென்று அவன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரெட்டுக்கே தெரியாது. ஒரு காலத்தில் பார்க் ரோ என்று பெயர் வாங்கிய பணக்காரத் தெரு அது. இப்போது அதை க்ரைம் ஆலி என்கிறார்கள். அவன் பெற்றோர் சுடப்பட்ட இடம்.

அங்கே நரைத்த தலையுடன் ஒரு வயதான அம்மாளை வழிப்பறிக்காரர்கள் மடக்குகிறார்கள். ஒருவன் துப்பாக்கியை எடுக்கிறான். அதுவரை நிதானமாக இருந்த பேட்மேன், அந்த இடத்தில் ஒருவன் துப்பாக்கி நீட்டியதும் தன்னை மறந்து அடிக்கிறான். ஜியோர்டானோவின் கோடுகளைப் பாருங்கள்: அங்கே துப்பறிவாளன் இல்லை, கோபத்தில் இருக்கும் ஒரு குழந்தைதான் இருக்கிறது. அடிதடி முடிந்ததும் அந்த அம்மாள் தன் கதையைச் சொல்கிறார். பல வருடங்களுக்கு முன் இங்கே ஒரு சிறுவன் அநாதையானதைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து இந்தத் தெருவில் வன்முறையில் சிக்கியவர்களுக்கு முடிந்த உதவியைச் செய்துகொண்டு இங்கேயே இருக்கிறார். அந்தச் சிறுவன்தான் எதிரில் முகமூடியோடு நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. அவனும் சொல்வதில்லை. குனிந்து அவர் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறான்.

கதை மொத்தமும் அவ்வளவுதான். பெரிய வில்லன் கிடையாது, நகரத்தை அழிக்கும் சதி கிடையாது. ஒரே இரவு, இரண்டு சாவு, அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் முஷ்டி வந்தது, இன்னொருவர் கையில் ஆறுதல் வந்தது. ஆல்ஃபிரெட், போலீஸ் அதிகாரி கார்டன், இளம் துணைவன் ராபின் எல்லோருமே ப்ரூஸ் தேர்ந்தெடுத்த வழிக்குத் துணைபோகிறவர்கள். அவன் போயிருக்கக்கூடிய இன்னொரு வழியைத் தானே வாழ்ந்து காட்டுகிறவர் லெஸ்லி மட்டும்தான். பிறகு வந்து அவரை எழுதியவர்கள் எங்கே சறுக்கினாலும், இதை மறந்ததால்தான் சறுக்கினார்கள்.

கேள்வி: ப்ரூஸை வளர்த்தது ஆல்ஃபிரெட் அல்லவா? லெஸ்லிக்கு என்ன பங்கு?

எந்தக் காலத்துக் கதை என்பதைப் பொறுத்த விஷயம் இது. குழப்பம் வருவதும் இங்கேதான்.

ஆல்ஃபிரெட் முதலில் வந்தது பேட்மேன் 16-ஆம் இதழில், 1943-ல். அப்போது ப்ரூஸ் வளர்ந்த ஆள், பேட்மேனாகி வருடங்கள் ஆகிவிட்டன, பக்கத்தில் ராபினும் இருக்கிறான். ஆக, பழைய கதைத் தொடர்ச்சியில் ஆல்ஃபிரெட் அவனை வளர்க்க வாய்ப்பே இல்லை. வேறு யார் வளர்த்தார்கள் என்பதற்கு 1969-ல் பேட்மேன் 208-ஆம் இதழ் பதில் சொன்னது. சித்தப்பாவோ பெரியப்பாவோ, ஃபிலிப் வேய்ன் என்றொருவர் அவனை எடுத்துக்கொண்டார். அவர் ஊரில் இருப்பதே அபூர்வம் என்பதால், பையனுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டது வீட்டு வேலைகளைக் கவனித்த மிஸஸ் சில்டன்.

அந்த அம்மாளைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியவில்லை. வேய்ன் தம்பதியைக் கொன்ற ஜோ சில் அவருடைய சொந்த மகன். பெயரைச் சுருக்கிக்கொண்டவன். தன் பிள்ளை அநாதையாக்கிய பையனைத் தன் பிள்ளைபோல வளர்த்திருக்கிறார் அவர். அது ப்ரூஸுக்குத் தெரியாது, வாசகருக்கு மட்டும் தெரியும். இப்படி ஒரு கருவை வைத்துக்கொண்டு அதை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதுதான் ஆதங்கம். 1980-ல் வந்த 'தி அன்டோல்ட் லெஜன்ட் ஆஃப் த பேட்மேன்' என்ற மூன்று இதழ்த் தொடர் ஃபிலிப்பையும் சில்டனையும் நினைவில் வைத்திருந்தது.

1985–86-ல் பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் தன் கதை உலகத்தின் வரலாற்றை மாற்றி எழுதியது. அடுத்து 1987-ல் வந்த 'இயர் ஒன்' கதையிலிருந்து, ப்ரூஸின் சிறுவயது முதலே ஆல்ஃபிரெட் அந்த வீட்டில் இருந்தவர் என்று ஆனது. ஃபிலிப்பும் சில்டனும் காணாமல் போனார்கள். லெஸ்லி தப்பித்தார், ஆனால் உருமாறினார். அதுவரை தெருவோடு வாழ்ந்த சமூக சேவகி, இப்போது க்ரைம் ஆலியில் இலவச மருத்துவமனை நடத்தும் டாக்டர். ஆல்ஃபிரெட்டோடு சேர்ந்து ப்ரூஸை வளர்த்தவர், அவன்தான் பேட்மேன் என்பதை அறிந்தவர். இன்று இணையத்தில் நீங்கள் படிக்கும் அறிமுகக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது லெஸ்லியைப் பற்றியவை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு 457-ஐத் திறந்தால், "இவர் ஏன் டாக்டராக இல்லை, ஏன் ப்ரூஸைத் தெரியவில்லை" என்று குழம்புவீர்கள்.

கேள்வி: அக்கா, எந்த வரிசையில் படிக்கலாம்? கையில் பணம் குறைவு, எல்லாம் வாங்க முடியாது.

முதலில் 457. அது இல்லாமல் மற்றது எதுவும் ஒட்டாது. அடுத்து டிடெக்டிவ் காமிக்ஸ் 574-ஆம் இதழ், 1987, மைக் டபிள்யூ. பார் எழுத்து, ஆலன் டேவிஸ் ஓவியம். குண்டடி பட்ட, அப்போது ராபினாக இருந்த ஜேசன் டாடைத் தூக்கிக்கொண்டு பேட்மேன் லெஸ்லியின் மருத்துவமனைக்கு ஓடிவருகிறான். ஒரு சிறுவனை இந்த வழியில் இழுத்துவிட்டதற்கு என்ன நியாயம் என்ற பேச்சு இருவருக்கும் நடுவே வருகிறது. மகனிடம் அம்மா கேட்கும் கேள்வி அது. இந்த இரண்டும் போதும். ஆசை தீரவில்லை என்றால் 1979-ல் வந்த 483-ஐயும் தேடலாம், ஓ'நீல் அதில் மறுபடி க்ரைம் ஆலிக்குத் திரும்புகிறார்.

தொகுப்பாக வாங்கும்போது அட்டையில் இருக்கும் தலைப்பை நம்பாதீர்கள். உள்ளே எந்தெந்த இதழ்கள் என்பது பொருளடக்கத்திலோ பதிப்புரிமைப் பக்கத்திலோ சின்ன எழுத்தில் இருக்கும். "டிடெக்டிவ் காமிக்ஸ் 457" என்ற எண் அங்கே இருந்தால் வாங்குங்கள். டிடெக்டிவ் காமிக்ஸும் பேட்மேனும் தனித்தனிப் பத்திரிகைகள், இரண்டுக்கும் எண்கள் வேறு. பேட்மேன் 457-ஐ வாங்கிவிட்டு லெஸ்லியைத் தேடாதீர்கள்.

கேள்வி: தேடினால் சரியாகக் கிடைப்பதில்லையே?

ஆங்கிலத்தில் அவர் பெயரின் இரண்டாம் பகுதியில் டி-க்குப் பிறகு ஓர் எச் உண்டு. உச்சரிப்பில் அது வராது, அதனால்தான் தமிழில் டாம்ப்கின்ஸ். எச் விட்டுப்போனால் வேறு யார் யாரோ வருவார்கள்.

கேள்வி: 457 மார்ச் 1976 என்கிறீர்கள். வேறு இடத்தில் 1975 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அமெரிக்கக் காமிக்ஸில் அட்டையில் போடும் மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல, பொதுவாக இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுவார்கள். விற்காத பிரதிகளைக் கடைக்காரர் எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. மார்ச் என்று போட்ட இதழ் முந்தைய வருடக் கடைசியிலேயே கடையில் தொங்கியிருக்கும். குறிப்பு எழுதும்போது "அட்டைத் தேதி" என்று சேர்த்துவிட்டால் சண்டையே இல்லை.

கேள்வி: லெஸ்லி ஒரு பெண்ணைச் சாக விட்டார் என்று படித்தேன். டாக்டர் இப்படிச் செய்வாரா?

செய்ய மாட்டார். செய்ததாக எழுதினார்கள், பிறகு அதை மாற்றவும் செய்தார்கள்.

2004-ல் 'வார் கேம்ஸ்' என்ற பெரிய தொடர் பல இதழ்களில் ஓடியது. கொஞ்ச காலம் ராபினாகவும் இருந்த ஸ்டெஃபனி ப்ரவுன், ப்ளாக் மாஸ்க் என்ற வில்லனின் சித்திரவதைக்குப் பிறகு அதில் இறந்தாள். மறு வருடம் 'வார் க்ரைம்ஸ்' வந்தது. பேட்மேன் 643, 644 இதழ்களும் டிடெக்டிவ் 809, 810-உம் சேர்ந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய ஸ்டெஃபனிக்கு லெஸ்லி வேண்டுமென்றே சிகிச்சை தராமல் விட்டார், பேட்மேனைப் பார்த்துப் பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு சாகக் கிளம்புவதை நிறுத்த இது பாடமாகட்டும் என்று நினைத்தார் என்று அதில் வெளிப்பட்டது.

கோளாறு எங்கே என்றால், குழந்தைகளைப் போருக்கு அனுப்பாதே என்ற லெஸ்லியின் கோபம் நியாயமானது. 574-லேயே அது இருக்கிறது. அந்த நியாயத்தை எடுத்து அதன் முனையை அவர் பக்கமே திருப்பிவிட்டார்கள். சந்தில் அழுத ஒரு குழந்தைக்காக வாழ்க்கையையே அந்தச் சந்துக்குக் கொடுத்தவர், இன்னொரு குழந்தையைக் கொள்கைக்காகப் பலிகொடுத்தார் என்றால், 457-இல் வந்த பெண்மணியை முழுதாக அழித்த மாதிரி. ஒரு திடுக்கிடலுக்காகப் பாத்திரத்தின் அடித்தளத்தையே உடைத்தால் கதை நிற்காது.

2008-ல் ராபின் 174-ஆம் இதழில் சக் டிக்சன் இதைச் சரிசெய்தார். ஸ்டெஃபனி சாகவே இல்லை, லெஸ்லி அவள் சாவைப் போலியாகக் காட்டி ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றிவிட்டார், பழியைத் தானே சுமந்துகொண்டார் என்று மாற்றினார். ஒட்டுப்போட்ட வேலைதான், தையல் வெளியே தெரியும். ஆனாலும் பிள்ளையைக் காப்பாற்றப் பொய் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்பவர் என்பது லெஸ்லிக்குப் பொருந்துகிறது. 'வார் க்ரைம்ஸ்' படித்தால் 174-ஐயும் கையோடு படியுங்கள். பாதியில் நிறுத்தினால் அவரைப் பற்றித் தவறான படம்தான் மனத்தில் தங்கும்.

கேள்வி: டிவியில் அவரை நன்றாகக் காட்டியது எது?

1992-ல் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்'. குரல் டயானா முல்டோர். 'அப்பாயின்ட்மென்ட் இன் க்ரைம் ஆலி' என்ற அத்தியாயம் 457-ஐ ஒட்டியது. க்ரைம் ஆலியைத் தகர்த்துவிட்டு அந்த நிலத்தில் லாபம் பார்க்க நினைக்கும் தொழிலதிபர் ரோலண்ட் டாகெட் அதில் வில்லன். அந்த மாற்றம் நல்ல மாற்றம். காமிக்ஸில் லெஸ்லி தனி மனிதர்களின் வன்முறைக்கு நடுவே நிற்கிறார், இங்கே ஒரு தெருவையே அழிக்கும் பணத்துக்கு எதிரே நிற்கிறார்.

'ஐ ஆம் த நைட்' அத்தியாயத்தையும் பாருங்கள். சந்தில் ரோஜாக்களை வைத்துவிட்டு நிற்கும் பேட்மேன், தான் செய்வதில் பயனுண்டா என்று சோர்ந்து பேசுகிறான். லெஸ்லி அவனைத் தடவிக்கொடுத்து அனுப்பிவிடவில்லை. தத்துவ ஆசிரியர் சாந்தாயனாவை மேற்கோள் காட்டி அவனிடம் வாதாடுகிறார். பையனைச் சமமாக நடத்தும் அம்மா.

கேள்வி: 'கோத்தம்' தொடரில் மொரீனா பக்கரின் நடித்த லெஸ்லி?

நல்ல நடிகை, ஆனால் அது வேறு பாத்திரம். வயதைக் குறைத்து ஜிம் கார்டனின் காதலியாக்கிவிட்டார்கள். கதை கார்டனைச் சுற்றி வருவதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். விளைவு, ப்ரூஸின் வாழ்க்கையில் லெஸ்லியின் இடம் காலி. 2018-ல் வந்த 'கோத்தம் பை கேஸ்லைட்' அனிமேஷன் படத்திலும் அவர் கன்னியாஸ்திரியாக வந்து கொலையாகிறார். பெயர் மட்டும் மிச்சம்.

கேள்வி: நான் தமிழில் ஃபேன் ஃபிக்ஷன் எழுதுகிறேன். லெஸ்லியை எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எழுதுவதற்கு முன் ஒன்றை முடிவுசெய்யுங்கள்: ப்ரூஸ்தான் பேட்மேன் என்று அவருக்குத் தெரியுமா? 1976 லெஸ்லிக்குத் தெரியாது, 1987-க்குப் பிந்தையவருக்குத் தெரியும். இரண்டையும் கலந்தால் மூன்றாவது காட்சியிலேயே கதை சிக்கிக்கொள்ளும். தெரியாது என்று வைத்தால் ஒவ்வொரு உரையாடலும் இருவரில் ஒருவர் மறைப்பதைச் சுற்றி நகரும். தெரியும் என்று வைத்தால் வாக்குவாதம்தான் இயக்கும்.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவான், அவர் தையல் போடுவார், அவன் ஜன்னல் வழியாகப் போய்விடுவான். அப்படியானால் அவர் தையல் ஊசிக்குச் சமம். தையல் போடும்போதே அவர் ஏதாவது கேட்க வேண்டும், அதற்கு அவனிடம் பதில் இருக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் அவன் அடித்துப்போட்ட ஆளே படுத்திருக்கட்டும். லெஸ்லி இருவருக்கும் ஒரே மாதிரிதான் மருந்து போடுவார். அந்தக் கட்டிலைப் பார்த்தபடி அவன் மௌனமாக உட்கார்ந்திருந்தால் காட்சி தானாக நகரும்.

தமிழில் ப்ரூஸ் அவரை எப்படிக் கூப்பிடுவான் என்பதையும் யோசியுங்கள். ஆங்கிலத்தில் வெறும் "லெஸ்லி". அதை அப்படியே போட்டால் தமிழ்க் காதுக்கு மரியாதைக் குறைவாகத் தெரியும். "அம்மா" என்றால் கதை சொல்லாமல் வைத்திருப்பதை உடைத்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வினையில் மட்டும் "நீங்கள், வாருங்கள்" என்று வைப்பது பொருந்தும்.

கேள்வி: 457-இன் அசல் பழைய பிரதி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

நடுப்பக்கம் ஸ்டேப்பிள் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா, பின்னில் துரு ஏறிக் காகிதத்தில் பரவியிருக்கிறதா, விளம்பரக் கூப்பன் எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூப்பனை வெட்டியிருந்தால் அதன் பின்பக்கத்தில் உள்ள கதைக்கட்டமும் போயிருக்கலாம். அட்டைப் படம் மட்டும் அனுப்பினால் போதாது, முதல் பக்கம், நடுப்பக்கம், பின்னட்டை மூன்றுக்கும் படம் கேளுங்கள்.

கேள்வி: லெஸ்லி மாதிரி மறந்துபோன வேறு அம்மா யாராவது?

மா ஹங்கல். 1939-ல் ஷெல்டன் மேயர் உருவாக்கிய மளிகைக்கடைக்கார அம்மாள். 1940 நவம்பர், ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ் 20-ஆம் இதழில், சிவப்புக் கம்பளி உள்ளாடையைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு ஓட்டை போட்ட சமையல் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு 'ரெட் டோர்னேடோ'வாகத் தெருவில் இறங்குகிறார். அவரை ஆண் என்றே ஊர் நினைத்தது. 2004-ல் ஜேஎஸ்ஏ (ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற வீரர் குழு) தொடரில் ஜெஃப் ஜான்ஸ் அவரை வயதான பெண்மணியாகத் திரும்பக் கொண்டுவந்து, அந்த வீரர்களின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார். அவரைப் பற்றித் தனியாகவே கேள்விகள் அனுப்புங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.