வெளிநாட்டு மிஷனரி பயிற்சிப் பள்ளியில் சேரலாமா? போய் வந்தவர்களின் அனுபவம் என்ன?

தாய்லாந்தில் 6 மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, போகலாமா, வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு விவரம் எதுவும் போடவில்லை. வாலிபர் முகாமின் கடைசி நாள் இரவில் ஊழியத்துக்கு உங்களை ஒப்புக்கொடுத்தவராக இருப்பீர்கள், படிப்பு முடிந்து வேலை இன்னும் அமையவில்லை, அம்மாவுக்குப் பாதி சம்மதம், அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார் என்று நினைக்கிறேன். 2012 தொடக்கத்தில் நான் அப்படித்தான் இருந்தேன். ஊகம் தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எனக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போனவன் எழுதுகிறான் என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். இன்றைக்கும் எங்கள் சேகரத்தில் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஞாயிறு பள்ளிக்குப் பாடம் எடுக்கிறேன். மதம் மாற்றுகிற கூட்டம் என்று திட்ட வருகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. பள்ளியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், உள்பெட்டியில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். அங்கே நல்லவர்கள்தான் அதிகம் பேர் இருந்தார்கள்.

பள்ளி சியாங் மாய் நகருக்கு வெளியே இருந்தது. முதல் 3 மாதம் வகுப்பு, அப்புறம் இரண்டரை மாதம் அவுட்ரீச், அதாவது வெளியூர்களுக்குப் போய் ஊழியம் செய்வது. நாங்கள் 26 பேர். இந்தியாவிலிருந்து நான் ஒருவன்தான். விடிகாலையில் தனி ஜெபம், பிறகு ஆராதனை, மதியம் வரை வகுப்பு, அப்புறம் 2 மணி நேரம் கை வேலை. எனக்கு முதல் மாதம் கழிப்பறை, இரண்டாவது மாதம் சமையலறைப் பாத்திரம். வீட்டில் நான் சாப்பிட்ட தட்டை அம்மாதான் கழுவுவார். அங்கே ஒரு நாளைக்கு 60 தட்டு கழுவினேன். அந்த ஒன்றுக்காகவே அந்தப் பள்ளிக்கு நன்றி சொல்வேன். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து இன்று வரை என் தட்டை வேறு யாரும் கழுவ விட்டதில்லை.

மார்ச் மாதம் ஒரு பிரச்சினை உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வட தாய்லாந்தில் வயல்களையும் காட்டையும் எரிக்கிற காலம் அது. சியாங் மாய் மலைகளுக்கு நடுவில் கிடக்கிற பள்ளத்தாக்கு என்பதால் புகை வெளியே போக வழியில்லாமல் நகரத்தின் மேலேயே நிற்கும். ஊரை ஒட்டி நிற்கிற தோய் சுதேப் மலையே சில நாள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சு இழுப்பு இருந்தால் மருந்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.

வகுப்பு வாரம் ஒரு தலைப்பு, வாரம் ஒரு போதகர். தேவனுடைய சத்தத்தைக் கேட்பது, மன்னிப்பு, உரிமைகளை விட்டுக்கொடுப்பது இப்படிப் போகும். சில வாரங்கள் உண்மையிலேயே என்னை உடைத்தன. அப்பாவை மன்னிப்பதற்கு எனக்கு அங்கேதான் பலம் கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன்.

மிஷனரி சரித்திர வாரத்தில்தான் எனக்கு வலிக்க ஆரம்பித்தது. பாடத்தில் இந்தியாவுக்கு வந்த வில்லியம் கேரி வந்தார், பர்மாவுக்குப் போன அதோனிராம் ஜட்சன் வந்தார், சீனாவுக்குப் போன ஹட்சன் டெய்லர் வந்தார். கடைசியில் உலக வரைபடத்தைப் போட்டு, அனுப்புகிற நாடுகள் ஒரு நிறம், பெறுகிற நாடுகள் இன்னொரு நிறம் என்று காட்டினார்கள். இந்தியா முழுவதும் பெறுகிற நிறம். நான் கையைத் தூக்கினேன். என் முன்னோர்கள் திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) காலத்தில், 1820-களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், நான் ஆறாவது தலைமுறை என்றேன். 1903 இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு மிஷனரிகளை அனுப்பினார்கள் என்றேன். அதைத் தொடங்கக் காரணமாயிருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், 1912 இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர் என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது, ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

போதகர் சந்தோஷமாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை இரவு என் சாட்சியை, அதாவது நான் விசுவாசத்துக்கு வந்த கதையை, சொல்ல முடியுமா என்றார். சொன்னேன். ஐயர் வீட்டுத் திண்ணையில் வசனம் மனப்பாடம் செய்து வளர்ந்தவனுடைய சாட்சிதான் அது. அதில் பேயும் இல்லை, விக்கிரகமும் இல்லை, சொந்தக்காரர்கள் அடித்துத் துரத்தியதும் இல்லை. கேட்டவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பள்ளிப் பணியாளர் ஒருவர் தன் நாட்டு ஆதரவாளர்களுக்கு அனுப்பிய மாதக் கடிதத்தை நண்பன் ஒருவன் காட்டினான். என் படம் போட்டிருந்தது. இருளான ஒரு கிராமத்திலிருந்து, குடும்பத்தின் எதிர்ப்பைத் தாண்டி, முதல் விசுவாசியாக வந்தவன் என்று எழுதியிருந்தது. அவரிடம் போய், இது உண்மை இல்லையே அண்ணன் என்றேன் (ஆங்கிலத்தில்தான் கேட்டேன், மனதில் அண்ணன் என்றுதான் இருந்தது). அவர் கோபப்படவில்லை. சுருக்கி எழுதும்போது அப்படி வந்துவிட்டது, படிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியாது, இதனால் இந்தியாவுக்காக அதிகம் பேர் ஜெபிப்பார்கள் என்றார். திருத்தம் போடவில்லை. எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தை என் பூட்டன் தலையில் கல் சுமந்து கட்டினார். அந்த ஊரைத்தான் அவர் இருள் என்று எழுதினார். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

அவுட்ரீச்சுக்கு ஒரு ஊமை நாடகம் பழக்கினார்கள். பாட்டு ஓடும், யாரும் பேச வேண்டாம், அதனால் எந்த மொழிக்காரர்களுக்கும் புரியும். இயேசுவாக ஒரு ஐரோப்பியப் பையன். மனிதனைச் சங்கிலியால் கட்டி இழுத்துப் போகிற பிசாசாக நான். உயரமாக இருக்கிறாய், மேடையில் நன்றாகத் தெரிவாய் என்றார்கள். அந்தப் பையன் என்னைவிட உயரம். நான் எதுவும் கேட்கவில்லை. உரிமைகளை விட்டுக்கொடுக்கிற பாடம் படித்து முடித்த நேரம், வாயைத் திறந்தால் பெருமை என்று ஆகிவிடுமோ என்ற பயம். உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால் கேளுங்கள். தாழ்மை வேறு, வாயை மூடிக்கொண்டு இருப்பது வேறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து எல்லோருக்கும் கைகூப்பி வணங்கினார்கள். 5 வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை என் முன்னால் வந்ததும் ஆசிரியையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான் முட்டிபோட்டு உட்கார்ந்து சிரித்துப் பார்த்தேன். வரவே இல்லை. அன்று இரவு எங்கள் தலைவரிடம் போய், இனி இந்த வேடம் போட மாட்டேன் என்றேன். நல்ல மனிதர், உடனே மன்னிப்புக் கேட்டார். மறுநாளிலிருந்து அவரே அந்த வேடத்தைப் போட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு மே சரியாங் என்ற ஊர்ப் பக்கம், கரேன் என்ற மலைவாழ் மக்களின் ஊர் ஒன்றில் 3 வாரம் தங்கினோம். மரக்கால்களில் நிற்கிற வீடுகள், கீழே பன்றியும் கோழியும். கல்யாணமாகாத பெண்கள் நீளமான வெள்ளை அங்கி போட்டிருப்பார்கள். நான் தங்கிய வீட்டுப் பாட்டி முதல் நாளே வெற்றிலைத் தட்டை என் முன்னால் தள்ளினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் அப்படியே எங்கள் ஆச்சி வீட்டில் இருப்பதுதான். நான் காம்பைக் கிள்ளி, பின்பக்கம் சுண்ணாம்பு தடவி மடித்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். தாய்லாந்துச் சந்தைகளில் இந்தியர்களை ‘கேக்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள் உண்டு. சியாங் மாயில் அதைக் கேட்டபோதெல்லாம் சுருக்கென்று இருக்கும். இந்தப் பாட்டி வீட்டில்தான் நான் விருந்தாளியாக இருந்தேன்.

அந்த ஊர்ப் போதகருக்கு 70 வயது தாண்டியிருக்கும். சாயங்காலம் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவோம். கரேனிலிருந்து தாய்லாந்து மொழி, அதிலிருந்து ஆங்கிலம் என்று இரண்டு மொழிபெயர்ப்பு, அதனால் ஒரு கதைக்கு ஒரு இரவு ஆகும். கரேன் மக்களிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. கடவுள் கொடுத்த புத்தகத்தை மூத்தவனான கரேன் தொலைத்துவிட்டான், ஒரு நாள் வெள்ளைத் தம்பி அதைத் திருப்பிக் கொண்டுவருவான் என்று. இதை எங்கள் வகுப்பிலும் சொல்லியிருந்தார்கள், மிஷனரி வந்தார், கதை நிறைவேறியது என்று அங்கே முடித்தார்கள். போதகர் அதோடு முடிக்கவில்லை. வெள்ளைத் தம்பி கடற்கரை வரைதான் வந்தான், மலை மேல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியது கோ தா பியூ என்றார்.

கோ தா பியூ கரேன்களில் முதல் கிறிஸ்தவர். கொள்ளையும் கொலையும் செய்தவர், கடனுக்காக அடிமையாக இருந்தவர், 1828 இல் ஞானஸ்நானம் பெற்றார். 1840 இல் சாகும்வரை பர்மாவின் கரேன் ஊர்களில் நடந்து நடந்தே சொன்னார். பிற்காலத்தில் தாய்லாந்து எல்லையைத் தாண்டி வந்ததும் பர்மாக் கரேன் ஊழியர்கள்தான். உங்கள் ஊரில் யார் நடந்தார்கள் என்று போதகர் என்னைக் கேட்டார்.

அசரியாவைப் பற்றிச் சொன்னேன். 1910 இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனரிகள் முன்னால் நின்று அவர் பேசியதைச் சொன்னேன். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு மொழியைத் தாண்டி அது போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கெண்டியிலிருந்து என் கோப்பையில் தேநீர் ஊற்றினார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் குழுவை நாடகம் போடச் சொல்லவில்லை. என்னை எழுப்பி, அந்தத் தென்னிந்தியப் பேராயரைப் பற்றிச் சபைக்குச் சொல்லச் சொன்னார். முடிந்ததும் அவர்கள் 4 குரலில் பாடிய பாட்டு, எங்கள் பாமாலையில் (எங்கள் சபைப் பாட்டுப் புத்தகம்) இருக்கிற அதே ராகம். அவர்கள் கரேனில் பாட, நான் தமிழில் பாடினேன். அங்கேதான் நான் பயிற்சி பெற்றேன் என்று நினைக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் எனக்குச் சால்வை போட்டார்கள், மூன்று சபைகளில் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். ஐந்தரை மாதம் வெளிநாட்டில் இருந்ததற்கு. எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா இருக்கிறார். வட இந்தியாவில் ஒரு பழங்குடி ஊரில் 17 வருஷமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறார், மலேரியா எத்தனை தடவை வந்தது என்று அவருக்கே கணக்கு இல்லை. அதே மாதம் அவரும் விடுமுறைக்கு வந்திருந்தார். அறிவிப்பு நேரத்தில் 3 நிமிஷம் கொடுத்தார்கள். அதிலும் மைக்கை வாங்கி, அசனத்துக்கு (சபையின் பொது விருந்து) அரிசி கொடுத்தவர்கள் பட்டியலை வாசித்தார்கள். மிஷனரிப் பண்டிகைக்குக் காணிக்கைப் பையை நிரப்புகிற நம் ஜனங்கள், மிஷனரி மாப்பிள்ளை என்றால் பெண் கொடுப்பதில்லை, மிஷனரியாகப் போன பெண்ணைக் கேட்டும் வருவதில்லை. அந்த அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு அதைப் பற்றிக் குறை இல்லை, எனக்கு இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சான்றிதழை நம்பி எதிர்காலத்தைத் திட்டமிட வேண்டாம். இங்கே திருச்சபையில் ஐயராக வேண்டும் என்றால் செராம்பூர் இறையியல் பட்டம் கேட்பார்கள், 6 மாதச் சான்றிதழை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்களைப் பற்றி எங்கே எழுதினாலும் முதலில் உங்களிடம் காட்ட வேண்டும் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிவைத்துவிடுங்கள். ஒரு பாமாலைப் புத்தகம் எடுத்துப் போங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். மொத்தச் செலவையும் சொல்லிவிடுங்கள். நான் வகுப்புக் கட்டணத்தை மட்டும் சொன்னேன். அவுட்ரீச்சுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்பதைப் போன பிறகுதான் போனில் சொன்னேன். தேவன் தருவார்ய்யா என்று அம்மா சொன்னார், 10 நாளில் 60,000 ரூபாய் வந்தது. அன்று வகுப்பில் எழுந்து நின்று, தேவன் அற்புதமாகத் தேவையைச் சந்தித்தார் என்று சாட்சி சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். ஊருக்கு வந்து பீரோவில் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடும்போதுதான் அடகுக் கடை ரசீது கையில் கிடைத்தது. அம்மாவின் செயின், 3 பவுன். 2014 இல்தான் மீட்க முடிந்தது.