‘வெறும்’ மொழிபெயர்ப்பா?

கேள்வி: பேரனுக்குத் தேவசகாயம் என்று பெயரிட விரும்புகிறேன். “அது லாசர் என்பதன் வெறும் மொழிபெயர்ப்பு, அதுவும் கிழவர் பெயர்” என்று மகன் மறுக்கிறான். தங்கள் கருத்து என்ன? (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: அந்த ‘வெறும்’ என்ற சொல்லை உங்கள் மகன் முதலில் திரும்பப் பெற வேண்டும். மொழிபெயர்ப்பை இரண்டாந்தரமாக எண்ணுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை வழக்காடியிருக்கிறேன். இந்தப் பெயர் என் கட்சிக்கு வலுவான சாட்சி.

எபிரேயத்தில் எலெயாசர் என்றால் ‘கடவுள் துணைசெய்தார்’ என்று பொருள். ஆரோனின் மகனுக்கு இருந்த பெயர் அது. அம்மொழி பேசியவர்களுக்கு அதன் பொருள் கூப்பிடும்போதே விளங்கியது. அதே பெயர் சுருங்கி, கிரேக்கத்தில் லாசரோஸ் என்றும் லத்தீனில் லாசருஸ் என்றும் ஆனபோது ஒலி மட்டும் பிழைத்தது, பொருள் கழன்றுவிட்டது. நாம் லாசர் என்று கூப்பிடும்போதும் காதில் விழுவது அந்த ஒலிதான். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட நட்டாலத்து நீலகண்டனுக்கு இயேசு சபைக் குரு புத்தாரி திருமுழுக்களித்தபோது, லாசர் என்ற பெயரைத் தேவசகாயம் என்று தமிழில் இட்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மூடிக் கிடந்த பொருள் அன்று நம் மொழியில் மீண்டும் திறந்தது. தேவன், சகாயம் இரண்டும் வடசொற்கள் என்று குறை சொல்வோரும் உண்டு. சகாயம் என்ற பெயரில் ஓர் ஆளாவது இல்லாத கடற்கரை ஊரை நம் மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. மீன் விற்கும் அம்மாவுக்குப் புரிகிற சொல் எங்கிருந்து வந்தால் என்ன?

பெயரின் இன்னொரு பக்கத்தையும் மகனுக்குச் சொல்லுங்கள். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்து உவமையில் பணக்காரனுக்குப் பெயர் இல்லை. அவன் வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்குத்தான் லாசர் என்ற பெயர் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை அதிகாரியான நீலகண்டன் அந்த ஏழையின் பெயரை ஏற்றுக்கொண்டார் என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. அதனால்தான் அதன் வாலில் ‘பிள்ளை’ என்ற சாதிப்பட்டத்தைச் சேர்த்து எழுதுவதை இந்தப் பத்திரிகையில் நான் அனுமதித்ததில்லை. 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது ‘தேவசகாயம் என்னும் லாசர்’ என்றுதான் வாசித்தார்கள். பட்டம் அங்கே இல்லை.

கிழவர் பெயர் என்பதும் பிழை. 1712இல் பிறந்து 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டபோது அவருக்கு வயது 39. ஒருநாள் மகனையும் பேரனையும் அந்த மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிக்கும். குழந்தைகள் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பிறப்புச் சான்றிதழில் மட்டும் கவனமாக இருங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திருப்பி எழுதி, ‘தேவசஹாயம்’ என்று போட்டுவிடுவார்கள். அந்த ‘ஹ’வை இங்கே அச்சுப்படிகளில் வாரந்தோறும் நான் அடித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் பேரன் பெயரில் அது நுழையாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.