பாலைவனத்தில் ஒட்டகங்களோடு பல நாள் நடந்து போனால் நாடோடி வாழ்க்கையை நிஜமாகவே பார்க்க முடியுமா? இல்லை, எல்லாம் சுற்றுலாவுக்கான வேஷமா?

இரண்டும் உண்டு. எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள், யாரோடு நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் போனது மொராக்கோவின் தெற்கே, மஹமீத் என்ற ஊரிலிருந்து ஷிகாகா மணற்குன்றுகள் வரை. அதை வைத்துச் சொல்கிறேன்.

மொராக்கோ பாலைவனம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது மெர்சூகா. அங்கே மணற்குன்றின் காலடி வரை தார்ச்சாலை இருக்கிறது. சாயங்காலம் ஒட்டகத்தில் ஏற்றி, முகாமில் மத்தளம் கொட்டி, காலையில் இறக்கிவிட்டுவிடுவார்கள். கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதுவே போதும். நடக்க வேண்டும் என்றால் மஹமீத்தான். மராகேஷிலிருந்து டிஷ்கா கணவாயை (2,260 மீட்டர்) ஏறி இறங்கி, வர்சாசாத், ஸகோரா தாண்டி வர ஒரு முழுப் பகல் ஆகும். ஸகோராவில் 'டிம்பக்டுவுக்கு 52 நாள்' (மாலியில் உள்ள பழைய வணிக நகரம் அது) என்று ஒட்டகக் கூட்டத்தின் படத்தோடு ஒரு பலகை உண்டு, எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தார்ச்சாலை மஹமீதோடு முடிகிறது. ஷிகாகா அங்கிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள்: ஒட்டகம் மூட்டை சுமக்க, நீங்கள் நடக்க. தண்ணீர்க் கேன், மாவு, காய்கறி, கம்பளி, கூடாரம் எல்லாம் அதன் முதுகில். கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம். ஆனால் அரை மணி நேரத்தில் தொடை இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிடும். ஒட்டகம் ஒரு பக்கத்து முன்கால் பின்கால் இரண்டையும் சேர்த்தே எடுத்துவைக்கும், அதனால்தான் அப்படி ஆட்டுகிறது. எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், பிடி தளர்ந்தால் தலைகுப்புற மணலில்தான்.

வழியெல்லாம் மணற்குன்று என்று நினைக்காதீர்கள். பாதி நேரம் கருங்கல் சிதறிக் கிடக்கும் கட்டாந்தரை, அப்புறம் வறண்ட ஆற்றுப்படுகை, சவுக்குபோல மெல்லிய இலை கொண்ட புதர்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் போல நடை, நடுப்பகலில் மர நிழலில் நீண்ட ஓய்வு. படம் பார்த்து வருகிறவர்கள் இந்தக் கட்டாந்தரையில் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. நரித்தடம், வண்டுத்தடம், பழைய கிணறு எல்லாம் அங்கேதான்.

எங்களோடு வந்த ஒட்டகக்காரர் பேசுவது குறைவு. ராத்திரி ஒட்டகங்களின் முன்னங்கால்களைச் சேர்த்துக் குட்டைக் கயிற்றால் தளை போட்டு மேயவிட்டுவிடுவார். தளையோடு தத்தித் தத்தியே அவை வெகுதூரம் போய்விடும். விடிந்ததும் அவர் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து போய் ஓட்டிவருவார். எது நம்முடையது, எது அடுத்தவருடையது என்று அவருக்குப் பாதத் தடத்திலேயே தெரியும். குளிர்காலம் ஆண் ஒட்டகங்களுக்கு இணைசேரும் பருவம். திடீரென்று கடைவாய் வழியாக இளஞ்சிவப்பாக ஒரு பலூன் மாதிரி வெளியே தள்ளி, நுரை ஒழுகக் குமுறும். நாக்குதான் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். மேலண்ணத்தின் மெத்தென்ற சதையாம், பெட்டையைக் கவர ஊதிக் காட்டுகிறதாம். அந்த நேரத்தில் பக்கத்தில் போகாதே என்று கையாலேயே சைகை செய்தார்.

ரொட்டி சுடுவதையும் சொல்லியாக வேண்டும். சுள்ளி எரிந்து தணலானதும் தணலை ஒதுக்கி, சுட்ட மணல்மேல் மாவை வட்டமாகத் தட்டி நேராகவே போடுகிறார்கள். தட்டும் கிடையாது, இலையும் கிடையாது. மேலே சூடான மணலும் தணலும் போட்டு மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் தோண்டித் திருப்பிப் போட்டு மறுபடி மூடல். வெந்ததும் எடுத்துத் துணியால் நாலு அடி. மணல் உதிர்ந்துவிடும், முக்கால்வாசி. சைவக்காரர்களுக்குக் கவலை வேண்டாம்: உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் போட்டு மண்சட்டியில் மெதுவாக வேகவைக்கும் தஜீன் தினமும் உண்டு. நாலாவது நாள் ஊறுகாய் ஞாபகம் வரும், எடுத்துப் போங்கள்.

சரி, நாடோடிகள். நீல அங்கி, நீலத் தலைப்பாகை போட்டு 'பாலைவனத்தின் நீல மனிதர்கள், துவாரெக்' என்று விற்கிறார்களே, அதுதான் நீங்கள் கேட்கும் வேஷம். துவாரெக் மக்களின் நிலம் மாலி, நைஜர், தெற்கு அல்ஜீரியா பக்கம். மஹமீதைச் சுற்றி இருப்பவர்களில் பெரும்பங்கு அரீப் போன்ற அரபு பேசும் குழுக்கள். வழிகாட்டிகளில் பலருக்கு ஊரில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. கூடாரத்தில் பிறந்தவர்கள், இப்போது கூடாரத்தில் இல்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. வர்சாசாத் அருகே 1972-இல் அணை கட்டி முடித்தபின் திரா ஆற்றில் இங்கே தண்ணீர் வருவதே அபூர்வமாகிவிட்டது. ஆறு நிரப்பிக்கொண்டிருந்த இரிக்கி ஏரி அதன்பின் பெரும்பாலான காலம் ஜீப் ஓடும் களிமண் திடல். அதன்மேல் அடுத்தடுத்து வறட்சி. 1994-இல் அல்ஜீரியாவுடனான தரை எல்லையையும் மூடிவிட்டார்கள். மழை பெய்த பக்கம் மந்தையை ஓட்டுவதுதான் இந்தப் பிழைப்பே. எல்லையைத் தாண்ட முடியாவிட்டால் எங்கே ஓட்டுவது?

இன்னும் மேய்ச்சலில் இருக்கும் சில குடும்பங்களைக் கிணற்றடியில் பார்த்தோம். நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆட்டு மயிர்க் கூடாரம், பிளாஸ்டிக் பீப்பாய்கள், கொஞ்சம் வெள்ளாடு, ஒரு பாட்டி. வழிகாட்டி ஊதாக் காகிதம் சுற்றிய கூம்புச் சர்க்கரைக் கட்டி ஒன்றைக் கொடுத்தார், அங்கே அதுதான் மரியாதை. பாட்டி அதிலிருந்தே ஒரு துண்டை உடைத்துக் கெட்டிலில் போட்டு, எங்களுக்கே தேநீர் ஆற்றிக் கொடுத்தார். உயரத்தில் தூக்கி ஊற்றி, திரும்பக் கெட்டிலில் கொட்டி, மறுபடி ஊற்றி. மூன்று கிளாஸ் முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரமும் பேச்சு முழுக்க எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யாருடைய ஒட்டகம் காணாமல் போனது என்பதுதான். கேமராவை எடுக்காதீர்கள், குறிப்பாகப் பெண்களைப் படம் எடுக்காதீர்கள்.

பணம் கட்டுமுன் ஒட்டகம் யாருடையது, கூட நடக்கப் போவது யார் என்று கேளுங்கள். நகரத்து ஏஜென்ட் வழியாகப் போனால் நடுவில் பலர் கை மாறி, நடக்கிறவருக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். மஹமீத்காரர்களிடமே நேரடியாகப் பேசலாம். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜனவரி இரவில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும், வசந்தத்தில் மணல்காற்று. ரமலான் அந்த மாதங்களில் வந்தால் மட்டும் தேதியை மாற்றிவையுங்கள். நோன்போடு நடந்து வந்து மத்தியானம் உங்களுக்குச் சமைத்துப் போடுவார்கள், நமக்குத்தான் தொண்டையில் இறங்காது.