அண்ணனைத் தேடி வந்தவர்

அன்புள்ள அக்கா,

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதை விளையாட்டைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஒஹையோவில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை இரவுகளில் நான்கு நண்பர்களுக்கு கேம் மாஸ்டராக இருக்கிறேன். வரும் ஜூனில் கொலம்பஸில் நடக்கும் ஒரிஜின்ஸ் என்ற விளையாட்டுக் கூடுகையில் இரண்டு ஆட்டங்கள் நடத்தப் பெயர் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. முன்பின் தெரியாத ஆறு பேர், நான்கு மணி நேரம். நாற்பது பக்கம் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் போதாது என்றே தோன்றுகிறது. என் ஆங்கில உச்சரிப்பு அவர்களுக்குப் புரியுமா என்ற பயம் வேறு. எதைத் தயார் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நாற்பது பக்கத்தை நான்கு பக்கமாகக் குறையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன், இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் கதையின் உலகத்தைச் சொல்வார், அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து ஆடுவார்கள். காவலாளியை ஏமாற்ற முடியுமா, பள்ளத்தைத் தாண்ட முடியுமா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை பதில் சொல்லும். தாயக்கட்டை உருட்டிய கைக்கு இருபது முகப் பகடை உடனே பழகிவிடும்.

இந்தக் கூடுகைகள் ஆட்டத்தைவிட மூத்தவை. 1968-இல் கேரி கைகாக்ஸ், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவாவில் ஒரு மண்டபத்தை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்து, மேசைமேல் போர் விளையாட்டு ஆடுபவர்களைக் கூட்டினார். அந்த ஊர்ப் பெயரில் பிறந்ததுதான் ஜென் கான் என்ற கூடுகை. அவரும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டது 1974-இல். ஜென் கான் இப்போது இண்டியானாபொலிஸில் நடக்கிறது. 2023-இல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். இவ்வளவு பெருகியும் அடிப்படை அப்படியே இருக்கிறது: ஒரு மேசை, சில நாற்காலிகள், பெரும்பாலும் நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தை நான் முதல் தடவை எப்படி வீணடித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது ஒரு சின்னக் கூடுகை, ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. என் கதையில் ஒரு மீனவ கிராமம், கடலுக்குள் ஒரு பாறை, அதன்மேல் கலங்கரை விளக்கம். மூன்று இரவாக விளக்கு எரியவில்லை. கிராமத்துக்கு வரைபடம் போட்டிருந்தேன், சாராயக்கடைக்காரனுக்கு மூன்று தலைமுறை வரலாறு எழுதியிருந்தேன். விதிகளை விளக்கவே முக்கால் மணி நேரம் போய்விட்டது. பிறகு எல்லோரும் சாராயக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, கஷ்டப்பட்டு எழுதியது எல்லாம் பயன்படுகிறதே என்று.

படகில் ஏறும்போது இன்னும் பதினைந்து நிமிடம்தான் பாக்கி. அடுத்த ஆட்டத்துக்காரர்கள் பைகளோடு நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். மீதிக் கதையை நான் மூச்சுவிடாமல் வாயால் சொல்லி முடித்தேன். எல்லோரும் நாகரிகமாகக் கைதட்டினார்கள்.

வலது ஓரத்தில் ஒரு பெரியவர், காதில் கேட்கும் கருவி மாட்டியிருந்தார். ஆட்டம் முழுக்க அதிகம் பேசவில்லை. மற்றவர்கள் கிளம்பியதும் தன் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை (கேரக்டர் ஷீட்) என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தார். “உன் அண்ணன் இந்த ஊருக்கு வந்து காணாமல் போய்விட்டான், அவனைத் தேடி வந்திருக்கிறாய்.” நான் எழுதிய வரி. “விளக்குக்காரர்தான் என் அண்ணனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படித்தான் நினைத்தேன்” என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான்கு மணி நேரம் அந்த மனிதர் தன் அண்ணனுக்காகக் காத்திருந்தார். நான் அவரைச் சாராயக்கடையில் உட்கார வைத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் மேசைக்குப் போகும் முன் அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

உங்கள் வெள்ளிக்கிழமை ஆட்டம் விடிய விடிய நடக்கும் கூத்து மாதிரி. இன்று விட்டதை அடுத்த வாரம் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த வாரம் கிடையாது. ஒருவர் கையில் நீங்கள் கொடுக்கும் தாளில் “அண்ணனைத் தேடுகிறாய்” என்று இருந்தால் அது அவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. அதனால் முடிவிலிருந்து பின்னோக்கித் தயார் செய்யுங்கள். கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள். ஆறு பாத்திரங்களில் ஒவ்வொருவருக்கும் அங்கே என்ன வேலை என்று பாருங்கள். வேலை இல்லாதவரின் தாளை மாற்றி எழுதுங்கள். அப்புறம் நடுவில் வரும் காட்சிகளில் எவற்றை வெட்டினாலும் கதை நிற்கும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கு இதுதான்: முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு ஆபத்து, மூன்றாவது மணி அடிக்கும்போது எல்லோரும் கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில். அதற்குத் தடையாக இருப்பது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் போகட்டும்.

அடுத்த வருடம் அதே கதையைத்தான் நடத்தினேன். கிராமமே இல்லை. படகிலேயே தொடங்கினேன். விதிகளை முன்கூட்டிச் சொல்லவில்லை. அலை அடித்தது, “பகடையை உருட்டுங்கள், 12-க்கு மேல் வந்தால் படகில் இருப்பீர்கள்” என்றேன். பாதி விதி அதிலேயே புரிந்துவிட்டது.

பேசாதவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது அதுதான். ஆறு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களை அடக்க முயன்றால் எல்லோருக்கும் கசப்பு. நான் செய்வது, இருட்டுக்குள் நுழையும்போது விளக்கை மிகக் குறைவாகப் பேசுபவர் கையில் கொடுத்துவிடுவேன். “விளக்கு உங்களிடம்தானே இருக்கிறது, எந்தப் பக்கம் காட்டுகிறீர்கள்?” இந்தக் கேள்விக்கு வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. போன கோடையில் அம்மாவோடு வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், அதுவரை தலையை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்தவள், “மேலே” என்று ஒரே வார்த்தை சொன்னாள். நான் மேலே எதையும் வைத்திருக்கவில்லை. மேசையே அண்ணாந்து பார்த்தது! அப்போதுதான் அங்கே ஒன்று தொங்க ஆரம்பித்தது. அந்த ஆட்டத்தின் உச்சம் அதுதான்.

உச்சரிப்புக்கு வருகிறேன். நூறு மேசைகள் ஒரே நேரத்தில் கத்தும் ஹாலில் யார் பேசுவதும் முழுசாகக் கேட்காது, எந்த ஊர்க்காரரானாலும் சரி. சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். பெயர்களை அட்டையில் பெரிதாக எழுதி நடுவில் வையுங்கள். படம் இருந்தால் தூக்கிக் காட்டுங்கள். இது புதிய தந்திரம் இல்லை. நீங்கள் போகும் அதே ஒரிஜின்ஸ் 1975-இல் பால்டிமோரில் முதன்முதலாக நடந்தபோது, போட்டிக்காக கைகாக்ஸ் எழுதிய ஒரு கல்லறைச் சாகசம் ஆடப்பட்டது. 1978-இல் அது அச்சில் வந்தபோது, ஆடுபவர்களிடம் காட்டுவதற்கென்றே ஒரு தனிப் படத்தொகுப்பும் சேர்ந்து வந்தது. நான் ஐந்து படங்கள் எடுத்துப்போகிறேன். விவரிக்க இரண்டு நிமிடம் ஆவது படத்தில் ஐந்து நொடி.

இன்னொரு அட்டையும் மேசையில் இருக்கட்டும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு. கதையில் ஒன்று ஒருவருக்கு வேண்டாம் என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை விட்டுவிடுவோம். அந்நியர்கள் எதைச் சுமந்துகொண்டு வந்து உட்கார்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. தொடங்கும்போதே அரை நிமிடம் செலவழித்துச் சொல்லிவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள்: ஆறு பேர் பதிவு செய்தாலும் மூன்று பேர்தான் வரலாம், அதற்கும் கதை தாங்க வேண்டும். பகடை, பென்சில் கூடுதலாக வையுங்கள். இரண்டாம் மணி முடிந்ததும் பத்து நிமிடம் இடைவேளை. தொண்டைக்கு வெந்நீர் பிளாஸ்க். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் நடுவே சாப்பிட நேரம் விடுங்கள், நான் ஒருமுறை விடாமல் மாலை ஆட்டத்தில் பெயர்களையே மறந்துவிட்டேன்.

மே மாதத்துக்குள் உங்கள் நான்கு நண்பர்களை வைத்து ஒருமுறை கடிகாரம் பார்த்து ஓட்டிப் பாருங்கள். அவர்களுக்கும் புதுப் பாத்திரங்கள் கொடுங்கள். எந்த இடத்தில் நேரம் போனது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் இரண்டு ஆட்டங்களின் நாளையும் நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த முறை நானும் கொலம்பஸ் வருகிறேன். இடம் இருந்தால் ஒரு தாள் எனக்கும் வையுங்கள்.

அன்புடன்,
அக்கா